குறுக்கே குரல் கொடுப்பவர் யார்?

குவைத்திலிருந்து விடுமுறையில் வந்த எம் காக்கா, பெட்டியின் அடியில் துணிகளுக்கிடையே பொதிந்து கொண்டுவந்த ஒலிநாடாக்களில் ஒன்று, எகிப்தியப் பாடகி உம்மு குல்தூமினுடையது. எம் வீட்டில் அரபு எழுத்தறிந்தவர் அனைவரும். அரபு மொழி அறிந்தவர் ஒருவருமிலர். ஆயினும் அந்தக் குரல் எம்மைக் கட்டிப்போட்டது. ஒருநாள் மாலை, அடுப்படியிலிருந்து வந்த உம்மா சற்று நேரம் நிலைப்படியில் நின்று கேட்டார். பின்னர், "பாட்டு நல்லாத்தான் இருக்கு. குறுக்கே குறுக்கே சத்தம் போடுறது யாரு?" என்றார்.

கேட்கத்தக்க கேள்வியே. அந்த நாடா, ஒலிப்பதிவுக் கூடத்தில் அமைதியாகப் பதிவு செய்யப்பட்டதன்று. மேடையில் பாடியதை அவையோரின் ஆரவாரத்தோடு அப்படியே பிடித்துவைத்தது. ஓர் அடி முடியுமுன்னே ஆண்குரல்கள் எழுகின்றன. கைத்தட்டல் மழை பெய்கிறது. எவரோ ஒருவர் தாளமாட்டாமல் இறைவன் திருப்பெயரைக் கூவுகிறார். நாமும் அந்நாளில் இதனை ஒரு குறை என்றே எண்ணினோம். இந்த இரைச்சல் இல்லாத நாடா கிடைக்குமா என்று காக்காவிடம் கேட்டதும் உண்டு. உம்மு குல்தூமின் கலையை ஆராய விரும்புவோர் அந்த இரைச்சலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நமக்குப் பல்லாண்டுகள் கழித்தே விளங்கிற்று. அதனை விளக்கியது பாரிஸ் மாநகரில் நடந்த ஒரு கச்சேரி.

பாரிஸுக்குப் போகுமுன் அம்மையாரின் பிறப்பிடத்தைச் சற்றே பார்த்துவிடுவோம். நைல் நதிக் கழிமுகத்தில் ஒரு சிற்றூர். தந்தையார் அவ்வூர்ப் பள்ளிவாசலின் இமாம். வருவாய் போதாமையால் அக்கம்பக்கத்து ஊர்களின் திருமண வீடுகளிலும் விழாக்களிலும் மார்க்கப் பாடல்கள் பாடி வந்தார். மகனுக்குத் தந்தை சொல்லிக்கொடுத்த பாட்டை, மகள் ஒதுங்கி நின்று கேட்டே கற்றுக்கொண்டாள். குரலின் வலிமை கண்டு தந்தை அவளையும் உடன் அழைத்துச் சென்றார். ஊர்வாய்க்கு அஞ்சி ஆண்பிள்ளை உடை அணிவித்து மேடையேற்றினார். திருக்குர்ஆனை முறைப்படி ஓதக் கற்ற நாக்கு அது. நம் மதரஸாக்களில் எழுத்துகளின் மக்ரஜ் பிசகினால் உஸ்தாதின் பிரம்பு பேசும். அந்தப் பயிற்சி உடையவர்க்கு, பொருள் தெரியாவிடினும், உம்மு குல்தூம் பாடுகையில் ஐன் எங்கிருந்து பிறக்கிறது, ஹே எவ்வாறு மூச்சாகிறது என்பது தெற்றெனப் புலப்படும். நம் வீட்டாரை அந்தக் குரல் ஈர்த்ததற்கு இதுவே முதற்காரணமாக இருக்கக்கூடும். இசை கேட்பது குறித்து மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டென்பதை அறிவோம். அந்த வழக்கை இக்கட்டுரையில் எடுக்கவில்லை.

1934இல் எகிப்திய அரசு வானொலி தொடங்கியபோதே அவர் குரல் அதில் ஒலித்தது. பின்னர், கச்சேரிப் பருவத்தில் மாதத்தின் முதல் வியாழன் இரவு, நம் கணக்கில் வெள்ளி இரவு, அவர் மேடையில் பாடுவது நேரடியாக ஒலிபரப்பாயிற்று. ஏறக்குறைய 1970களின் தொடக்கம் வரை இவ்வழக்கம் நீடித்தது. அந்த இரவுகளில் கெய்ரோ தெருக்கள் வெறிச்சோடும் என்று எழுதாதவர் இல்லை. கெய்ரோவை விடுங்கள், மக்ரிபு நாடுகளின் மலைச் சிற்றூர்களிலும் தேநீர்க் கடைகளிலும், வானொலிப் பெட்டி ஒன்றைச் சுற்றி ஐம்பது பேர் அமர்ந்து கேட்டார்கள். அவர்கள் எவரும் அவரைப் பார்த்ததில்லை. பார்ப்போம் என்ற எண்ணமும் இருந்திருக்காது.

இவ்வானொலியில் அவர்கள் கேட்டது பாட்டை மட்டுமா? அவையையும் கேட்டார்கள். எந்த இடத்தில் மூச்சடக்கிக் காத்திருப்பது, எந்த இடத்தில் ஆஹா என்பது, எந்த அடியை மீண்டும் வேண்டுவது என்று கெய்ரோ அரங்கத்தின் தேர்ந்த சுவைஞர்கள் செய்து காட்டிய ஒவ்வொன்றும் பெட்டி வழியே ஊர் ஊராகச் சென்றது. இத்தகு சுவைஞர்க்கு அரபு மொழியில் தனிப்பெயரே உண்டு: 'சம்மீஆ', அதாவது கேட்கத் தெரிந்தவர். கேட்கும் மரபும் வானலையில் கற்பிக்கப்பட்டது என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

இனி அந்தப் பாட்டு எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சொல்லவேண்டும். திரை விலகும்போது அம்மையார் குழுவின் நடுவே நாற்காலியில் அமர்ந்திருப்பார். கையில் ஒரு கைக்குட்டை. நரம்புகள் நிறைந்த கானூன், வயலின்கள், ஊத் எனும் யாழ்வகை, நாணற்குழல், நம் கஞ்சிராவைப் போன்ற ரிக் ஆகியன முன்னிசையைத் தொடங்கும். அது சில வேளை பத்து நிமிடங்களும் செல்லும். பின்னரே அவர் எழுந்து நிற்பார். அதற்கே அரங்கம் ஒருமுறை அதிரும். முதலடியைப் பாடுவார். அவை மீண்டும் வேண்டும். மீண்டும் பாடுவார், ஆனால் அதே அடி அன்று. ஒரு சொல்லை நீட்டி, ஒரு சொல்லை உதறி, வேறொரு பண்ணின் வாயிலைத் தொட்டுத் திரும்பி வருவார். அவை இன்னும் வேண்டும். இப்படியே ஒரு பாட்டு ஒரு மணிநேரத்தைக் கடக்கும். பக்கவாத்தியக்காரர்க்கு அடுத்து என்ன வருமென்று தெரியாது. அவர் முகத்தையும் தோளையும் பார்த்தபடியே வாசிப்பர். அவர் அடுத்துச் செய்யவிருப்பது அவருக்கே தெரியாது என்றும் கூறலாம். ஏனெனில் அதனை ஓரளவு தீர்மானிப்பது எதிரே இருப்பவர்களின் குரல். தமிழில் இதற்கு நிகரான ஒரு சொல்லை நாம் தேடிப் பார்த்தோம்; கிடைக்கவில்லை. அரபியர் 'தரப்' என்பர்.

1967 நவம்பர் 13, 15 ஆகிய இரு இரவுகள் பாரிஸின் ஒலிம்பியா அரங்கில் அவர் பாடினார். ஐரோப்பாவில் அவர் பாடியது அந்த இரண்டு இரவுகளே. ஏற்பாட்டைச் செய்தவர் அரங்கின் உரிமையாளர் புரூனோ கொகாத்ரீக்ஸ். எத்தனை பாடல்கள் என்று அவர் கேட்க, இரண்டு அல்லது மூன்று என்று விடை வர, மனிதர் திகைத்துப் போனாராம். ஒரு மாலையில் பதினைந்து இருபது பாட்டுப் பாடும் பிரெஞ்சுப் பாடகர்களைக் கண்டவர்க்குத் திகைப்பு இயல்பே. மூன்று பாட்டு நள்ளிரவைத் தாண்டும் என்பதை அவர் எங்ஙனம் அறிவார்?

அரங்கில் வந்து நிறைந்தவர்கள் யார்? ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்தும் வந்த அரபியர்; அவர்களோடு, பிரான்சின் தொழிற்சாலைகளிலும் கட்டுமானப் பணிகளிலும் உழைத்துவந்த அல்ஜீரியர், மொராக்கர், துனீசியர். கட்டணம் குறைவன்று, ஒரு தொழிலாளி அதனைச் சேர்ப்பதற்கு எத்தனை வேளை வயிற்றைக் கட்டியிருப்பான் என்று எண்ணிப் பார்க்கலாம். 1961 அக்டோபரில் இதே பாரிஸ் தெருக்களில் அமைதியாக ஊர்வலம் சென்ற அல்ஜீரியர்களைக் காவல்துறை அடித்தும் சுட்டும் சேன் ஆற்றில் எறிந்தும் கொன்ற கொடுமை நடந்து ஆறே ஆண்டுகள். 1967 ஜூன் போரில் எகிப்தும் சிரியாவும் ஜோர்டானும் தோற்று ஐந்தே மாதங்கள். தலைகுனிந்து நடந்தவர்கள் அன்றிரவு நல்லுடை உடுத்தி, நகரின் நடுவிலுள்ள பேரரங்கின் முன்வாசல் வழியே நுழைந்தார்கள்.

அந்நிகழ்ச்சியின் படப்பதிவை நாம் பின்னாளில் பார்க்க வாய்த்தது. நாம் பாடகியைக் காட்டிலும் அவையோரையே மிகுதியும் நோக்கினோம். அவர்கள் எவ்வகையிலும் புதியவர்களாய்த் தோன்றவில்லை! முதன்முறையாகக் காண்பவர்கள் மிரண்டு, வியந்து, வாளா இருப்பார்கள் என்று எதிர்பார்த்தோம். மாறாக, மூச்சடக்க வேண்டிய இடத்தில் மூச்சடக்கினார்கள். கூவ வேண்டிய இடத்தில் கூவினார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த அவையில் இருக்கையில்லாமல் அமர்ந்திருந்தவர்கள் அன்றோ அவர்கள்? பயிற்சி முழுமையாக இருந்தது. ஒன்று மட்டும் அன்று புதிதாயிற்று. தேநீர்க் கடையில் அவர்கள் எத்தனை உரக்கக் கூவியிருந்தாலும் அது கெய்ரோவுக்குக் கேட்டதில்லை. எவருக்கோ இணங்கி அவர் திருப்பிப் பாடியதை இவர்கள் கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவே. பாரிஸில் இவர்கள் வேண்டினார்கள், அவர் திரும்பினார், அந்த அடியை இவர்களுக்காக மீண்டும் பாடினார். காதலித்த இசைக்குழுவை முதன்முறை நேரில் காண்பதன் பொருள், நாம் அறிந்த அளவில், இதுவே. கண்ணுக்குக் கிடைப்பது குறைவு. நம் குரல் அங்கே போய்ச் சேர்வதே பெரிது.

முதல் இரவில் அவர் பாடியவற்றுள் 'அல்அத்லால்' ஒன்று. மருத்துவராகவும் கவிஞராகவும் விளங்கி 1953இல் மறைந்த இப்ராஹீம் நாஜியின் கவிதை. ரியாத் சுன்பாத்தியின் இசை. 1966இல் முதன்முதல் பாடப்பெற்றது. பிரிந்த காதலின் இடிபாடுகளிடையே நின்று புலம்பும் பாட்டு. அதன் நடுவே, தன்னைக் கட்டியுள்ள தளையினின்றும் விடுவிக்குமாறு காதலர் இறைஞ்சும் ஓர் இடம் உண்டு. எழுதிய கவிஞர் காதலையே எழுதினார். 1967க்குப் பின் அந்த அடியைக் கேட்ட அரபியர் எவரும் காதலை மட்டும் கேட்கவில்லை. இந்தப் பொருள் மாற்றத்தைச் செய்தவர் கவிஞரல்லர், இசையமைத்தவருமல்லர். எதிரே இருந்தவர்கள் செய்தது. பாரிஸ் மேடையில் இளைஞர் ஒருவர் பாய்ந்தேறி அம்மையாரின் காலைப் பற்ற முயன்றதும், அவர் நிலைதடுமாறி விழுந்ததும், எழுந்து பாட்டைத் தொடர்ந்ததும் நடந்தவையே. அந்த இளைஞரின் செயல் நமக்கு உவப்பானதன்று. காலில் விழுவது நம் பண்பாடன்று என்பது ஒருபுறமிருக்க, குரலால் செய்யவேண்டியதைக் கையால் செய்யப்போனார் அவர். அவையின் மரபை அவர் வானொலியில் சரியாகக் கேட்கவில்லை போலும்.

உம்மு குல்தூமைக் கடிந்தவர்களும் உண்டு. மக்களை மணிக்கணக்கில் மயக்கி உட்காரவைத்த அபின் இந்தப் பாட்டு, தோல்விக்கு இதுவும் ஒரு காரணம் என்று 1967க்குப் பின் சிலர் எழுதினர். அம்மையார் பாரிஸ் வருவாயை எகிப்தின் போர்க்காலத் தேவைக்கு வழங்கியதும், தொடர்ந்து மொராக்கோ, குவைத், துனீசியா, லிபியா என்று பாடிப் பொருள் திரட்டித் தந்ததும் இவர்களுக்குரிய விடையாகக் காட்டப்படும். நமக்கு அந்த விடை போதவில்லை. நன்கொடை கலையின் குற்றத்தைக் கழுவாது. மயங்கிக் கிடப்பவன் எந்த அடியில் எந்தத் திருப்பம் நேர்ந்தது என்பதை அறியமாட்டான். இந்த அவையோ ஒரு சுரத்தின் அசைவையும் தவறவிடவில்லை. இதனை மயக்கம் என்று எவ்வாறு கூறுவது? உண்மையான குறைகள் வேறு உள்ளன. 1964க்குப் பின் முஹம்மது அப்துல் வஹ்ஹாபின் இசையமைப்பில் பாடிய பாடல்களில் முன்னிசை அளவுகடந்து நீள்கிறது. மின்கித்தார் சேர்ந்ததில் நமக்குக் குறையொன்றுமில்லை. வயலின்கள் பெருகப் பெருகக் கானூனின் தனிக்குரல் அமிழ்ந்துபோனதே வருத்தம். பழைய சிறு குழுவின் நெருக்கம் அந்தப் பெருங்குழுவில் இல்லை.

குழுவைப் பற்றி ஒரு செய்தி. 1928இல் அவருக்குப் பெரும்புகழ் தேடித் தந்த இசைத்தட்டுப் பாடலுக்கு இசையமைத்தவர் முஹம்மது கஸப்ஜி. காலம் மாறி, அவருடைய இசையை அம்மையார் பாடாதொழிந்த பின்னரும், அப்பெரியவர் ஊத் வாசிப்பவராக அவர் பின்னே ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருந்தார். 1966இல் அவர் மறைந்தார். அந்த நாற்காலியைச் சில காலம் வெறுமையாகவே விட்டுவைத்தார்கள் என்பர். வானொலியில் வெறும் நாற்காலி கேட்காது.

நம் ஊர்களிலும் நாகூர் ஹனீபாவின் குரலைத் திருமண வீட்டு ஒலிபெருக்கியிலேயே கேட்டு வளர்ந்தவர்கள் உண்டு. பெண்களில் பெரும்பாலோர் அவரைக் கண்டதே இல்லை. மாடியிலும் மதிலுக்கு இப்பாலும் நின்று கேட்டவர்களின் ஆஹாக்கள் எந்த நாடாவிலும் பதிவாகவில்லை. அவற்றை எவரேனும் எழுதவேண்டும்.

காக்கா கொண்டுவந்த நாடா இன்றும் இருக்கிறது. முதற்பக்கம் பாட்டின் நடுவிலேயே முடிந்துவிடும். அவை மீண்டும் வேண்டிக் கூவுகிற, அம்மையார் மூச்சை உள்ளிழுக்கிற அந்த இடத்தில் பொத்தான் 'டக்'கென்று மேலெழும். பாட்டு பிடிபடத் தொடங்கிய பிற்காலத்தில், கையில் வேலையாக இருந்த உம்மா அடுப்படியிலிருந்தே உரக்கச் சொல்வார்: "திருப்பிப் போடுப்பா."