ஏட்டிலிருந்து இறங்கிய ஃபரீத்

கதைமாந்தர் ஏட்டை விட்டெழுந்து நம்மிடையே நடமாடத் தொடங்கினால் என்னாகும்? சிறுவர் புனைகதைகள் பலவும் எழுப்பிய வினா இது. அவற்றுள் உலகெங்கும் மிகுதியாகப் படிக்கப்பட்ட ஒன்று, ஜெர்மானிய எழுத்தாளர் கொர்னேலியா ஃபூங்கே 2003இல் வெளியிட்ட ‘இங்க்ஹார்ட்’ என்னும் நாவல். 2005இலும் 2007இலும் அதன் அடுத்த இரு பாகங்கள் வந்தன. 2008இல் திரைப்படமும் வெளியாயிற்று. இந்நூலை நாம் இங்கே எடுத்துக்கொள்ளக் காரணம், பாகலூரில் நம் இல்லத்தில் அதைப் படித்துக்கொண்டிருந்த பேத்தி திடீரெனத் தலைநிமிர்ந்து கேட்ட கேள்விதான்: “நானா, இந்த ஃபரீத் நம்ம பையனா?”

கதையின் அடித்தளம் எளிது. மோ என்னும் புத்தகம் கட்டும் தொழிலாளி வாய்விட்டுப் படித்தால், படிக்கப்படும் நூலின் மாந்தர் உயிருடன் வெளியே வந்துவிடுவர். ஆனால் அதற்கொரு விலையுண்டு. ஒருவர் வெளிவரும்போது இவ்வுலகைச் சேர்ந்த இன்னொருவர் ஏட்டுக்குள் மறைந்துபோவார். கப்ரிகார்ன் என்னும் கொடியவன் அவ்வாறு வெளிவந்த இரவில், மோவின் மனைவி காணாமற்போகிறாள். அஞ்சிய மோ அன்றுமுதல் ஒன்பது ஆண்டுகள் தன் மகளுக்குக்கூட எதையும் வாய்விட்டுப் படிப்பதில்லை.

பின்னர் கப்ரிகார்ன் அவனைப் பிடித்து, பொன்னும் மணியும் வேண்டுமெனப் படிக்கச் சொல்கிறான். ‘ஆயிரத்தொரு இரவுகள்’ படிக்கப்படுகையில் செல்வத்தோடு ஓர் அரபுச் சிறுவனும் வந்து நிற்கிறான். அவனே ஃபரீத். திருடர் கூட்டத்தில் அடியும் உதையும் பட்டு வளர்ந்தவன். ஒளிந்து செல்லவும் தடம் பார்க்கவும் கற்றவன். வந்த இடமே அவனுக்குப் பிடித்துவிடுகிறது. திரும்பிச் செல்ல அவன் விரும்புவதில்லை.

நம் விமரிசனம் இங்கேதான் தொடங்குகிறது. இதே நாவலில் டஸ்ட்ஃபிங்கர் என்னும் நெருப்பு வித்தைக்காரன் வருகிறான். அவனும் ஏட்டிலிருந்து வெளிவந்தவனே. ஆனால் அவன் தன் உலகத்தை எண்ணி எண்ணி உருகுகிறான். அதன் காடுகளையும் மனைவி மக்களையும் மறக்க முடியாமல் தவிக்கிறான். ஐரோப்பியக் கதையுலகிலிருந்து வந்தவனுக்கு ஏங்குவதற்கு ஒரு தாயகம் இருக்கிறது. அரபுக் கதையுலகிலிருந்து வந்தவனுக்கோ தப்பியோடுவதற்கு ஒரு பாலைவனம் மட்டுமே இருக்கிறது. நூலாசிரியர் பகைமையால் இவ்வாறு எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. ஃபரீதின் நன்றியுணர்வையும் அன்பையும் அவர் பரிவோடு தீட்டியுள்ளார். இரண்டாம் பாகத்தில் மாண்டுபோகும் அவனை மீட்க டஸ்ட்ஃபிங்கர் தன் உயிரையே ஈடாகத் தருகிறான். எனினும் ‘கீழைநாடு’ என்றதும் திருடர், மணல், புதையல் என விரியும் பழைய சித்திரத்தை அவர் ஐயுறாமல் ஏற்றுக்கொண்டார் என்பதை மறைக்க இயலாது.

அந்தச் சித்திரம் எங்கிருந்து வந்தது? திரைப்படம் ஃபரீதை அலிபாபா கதையோடு இணைக்கிறது. அக்கதையோ அந்துவான் காலான் 1704 முதல் 1717 வரை பிரெஞ்சில் வெளியிட்ட தொகுப்பின்வழி உலகறிந்தது. அலெப்போ நகரின் ஹன்னா தியாப் என்னும் கிறிஸ்தவ இளைஞர் 1709இல் பாரிஸில் காலானுக்குச் சொன்ன கதைகளுள் அதுவும் ஒன்று. காலான் பயன்படுத்திய பழைய அரபுக் கையெழுத்துப் படியில் அது இல்லை. அக்கதையே 1956இல் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் வண்ணப் படமாக நம் ஊர்க் கொட்டகைகளுக்கும் வந்து சேர்ந்தது. நாம் ‘நம்முடையது’ என்று கொண்டாடும் கதையே பாரிஸ் வழியாகச் சுற்றி வந்ததுதான். 10ஆம் நூற்றாண்டிலேயே இப்னு நதீம் தம் ‘ஃபிஹ்ரிஸ்த்’ நூலில் இவ்விரவுக் கதைகளின் மூலமான பாரசீகத் தொகுப்பைச் சுவையற்றதென ஒதுக்கினார் என்பதும் நினைக்கத்தக்கது.

இந்நிலையில் நம்மிடையே இருவகை எதிர்வினைகள் எழுகின்றன. வருவதையெல்லாம் கேள்வியின்றி வாங்கிக் குழந்தைகளின் கையில் கொடுப்பது ஒன்று. புனைவு முழுவதையும் பொய்யென்று விலக்குவது மற்றொன்று. பின்னவர் ஸூரா லுக்மானின் 6ஆம் வசனத்தை எடுத்துக்காட்டுவர். பாரசீக வீரர்களின் கதைகளைச் சொல்லி மக்களை வேதத்திலிருந்து திசைதிருப்ப முயன்ற நள்ர் இப்னு ஹாரிஸை அவ்வசனத்தோடு விரிவுரையாளர்கள் தொடர்புபடுத்துவது உண்மையே. ஆனால் அங்கே கண்டிக்கப்படுவது திசைதிருப்பும் நோக்கம் என்றே நாம் கருதுகிறோம். யூஸுஃப் நபியின் வரலாற்றை வரலாறுகளுள் அழகியது என்று அறிமுகம் செய்வதும் அதே திருமறையன்றோ? புனைவை விலக்கியவர்களாகவும் நம் முன்னோர் இருக்கவில்லை. இப்னுல் முகஃப்ஃபா 8ஆம் நூற்றாண்டில் பஞ்சதந்திர விலங்குகளை அரபியில் பேசவைத்தார். பஸராவின் இக்வானுஸ் ஸஃபா அறிஞர்கள், மனிதனின் கொடுமையை எதிர்த்து விலங்குகள் ஜின்களின் அரசனிடம் முறையிடும் கதையை எழுதினர்.

மோவின் ஒன்பதாண்டு மௌனம் இவ்விடத்தில் நமக்குப் பாடமாகிறது. அச்சத்தால் வாயை மூடிக்கொண்டதால் அவன் இழந்தவள் திரும்பி வரவில்லை, தீயவனும் அழியவில்லை. இறுதியில் மகளே துணிந்து வாய்விட்டுப் படிக்கிறாள். பழைய கதைக்கு எழுதப்பட்ட புதிய முடிவை அவள் தொடங்க, தந்தை படித்து முடிக்கிறான். அப்போதே கப்ரிகார்ன் வீழ்கிறான்.

நம் ஊரில் நிகழ்ந்திருப்பதும் இத்தகைய மௌனமே. பாகலூரிலும் ஓசூர் வட்டாரத்திலும் முஸ்லிம் வீடுகள் பலவற்றில் பேச்சுமொழி தக்கனி உருது, பள்ளியில் தமிழ், கடைவீதியில் கன்னடமும் தெலுங்கும். தக்கனி உரைநடையின் முதற்பெரும் படைப்புகளுள் ஒன்றான முல்லா வஜ்ஹியின் ‘ஸப்ரஸ்’ 1635இல் கோல்கொண்டாவில் எழுந்தது. உள்ளம் இளவரசனாகவும், அழகு இளவரசியாகவும், அறிவும் காதலும் அரசர்களாகவும் நடமாடும் கற்பனைக் கதை அது. தமிழிலோ கிஸ்ஸா, மசலா, நாமா என்று தனி இலக்கிய வகைகளையே நம் புலவர்கள் படைத்தனர். 1572இல் மதுரையில் அரங்கேறிய ‘ஆயிர மசலா’ முழுவதும் வினாவும் விடையுமாக அமைந்தது. யூசுபு நபி கிஸ்ஸா போன்றவை ஒருவர் ஓதப் பலர் கூடிக் கேட்டு மகிழ்ந்தவை. இவற்றில் எதுவும் இன்று நம் பிள்ளைகளின் காதில் விழுவதில்லை. தொழிற்சாலை வேலைநேரமும் தொலைக்காட்சியும் மட்டுமே அதற்குக் காரணமல்ல. வாய்விட்டுப் படிப்பதை நாமே நிறுத்திவிட்டோம்.

ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியேறுவார் என்ற அந்நாவலின் விதி நம் வீடுகளுக்கும் பொருந்துவதாகத் தோன்றலாம். ஆயினும் நம் கதைகளை வெளியேற்றியது ஃபரீத் அல்லன். அவன் வருவதற்கு முன்பே அந்த இடம் காலியாகக் கிடந்தது.

பேத்திக்கு நாம் சொன்ன விடை இதுதான்: “நம்ம பையன்தான். ஆனா அவன் ஊரைப் பத்தி அந்தப் புத்தகத்துல பாதிதான் இருக்கு.” மீதியைச் சொல்லும் கடமை நூலாசிரியருக்கு உரியதன்று, நமக்கு உரியது. அன்றிரவே யூஸுஃப் நபியின் கிணற்றிலிருந்து தொடங்கினோம்.