வாலைப் பார்க்கத் தெரிந்தவர்கள்

மலேசியாவின் சுங்கை வேயில் அண்ணாந்து பார்த்தால் விமானம் தெரிவது புதிதல்ல. 1965இல் திறந்த சுபாங் விமான நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. பெரிய விமானங்கள் 1998இல் சிப்பாங் விமான நிலையத்திற்குப் போன பிறகும் ஏடிஆர் 72 ரக விமானங்கள் அங்கே இறங்கி ஏறிக்கொண்டிருக்கின்றன. அதனாலேயே ரிமோட்டில் இயங்கும் ஆர்சி விமானம் வைத்திருப்பவர் இங்கே நினைத்த இடத்தில் அதைப் பறக்கவிட முடியாது; விமான நிலையத்தை ஒட்டிய வான்வெளிக்கு அனுமதி வேண்டும். பறக்கும் நேரம் குறைவு, மேசையில் கழியும் நேரம் அதிகம். அந்த மேசை வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது, வால் ஆட்டத்தின் காரணத்தைத் தேடிப் பிடிக்கும் கலை.

சும்மா பார்ப்பவருக்கு எல்லா ஆட்டமும் ஒன்றுதான். தேர்ந்தவர் அதன் தாளத்தைக் கவனிப்பார். ஸ்டிக்கை லேசாகத் தொட்டாலே மூக்கு துள்ளி, நேராக நிற்க மறுத்தால் எடை பின்பக்கம் போயிருக்கிறது. வால் பக்கவாட்டில் வீச, கூடவே இறக்கைகளும் மாறி மாறிச் சாய்ந்தால் செங்குத்து வால் போதவில்லை. ஆட்டத்தைத் தானே திருத்தும் ஜைரோவைப் போட்டதும் சீராகத் துடித்து, அணைத்ததும் நின்றால் அதன் கெய்ன், அதாவது திருத்தும் வேகம், அதிகம். வேகம் ஏறும்போது மட்டும் ‘ர்ர்ர்’ என்று அதிர்ந்தால்தான் ஆபத்து. அந்த அதிர்வு சில நொடிகளில் கிடைவாலின் அசையும் பலகையான எலிவேட்டரையே பிய்த்துவிடும். உடனே திராட்டிலைக் குறைத்து, மூக்கை மெல்லத் தூக்கி, வேகத்தைக் கரைத்து இறக்கிவிட வேண்டும்.

இறக்கிய பிறகு விரல்களின் வேலை. ரிமோட்டையும் ரிசீவரையும் போட்டு, எலிவேட்டரின் பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசைக்க வேண்டும். அதை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் கை அசையாமல் எலிவேட்டர் மட்டும் அசைந்தால், நடுவில் எங்கோ தளர்வு. இரண்டையும் இணைக்கும் கம்பி மாட்டும் துளை தேய்ந்திருக்கலாம், நீளமான கம்பி நடுவில் வளையலாம், கீல் கிழிந்திருக்கலாம். கம்பியைச் சர்வோ கையின் உட்துளைக்கும், எலிவேட்டரில் பொருத்திய ஹார்னின் வெளித்துளைக்கும் மாற்றினால் அதே தளர்வு எலிவேட்டரில் பாதியாகக்கூடக் குறையும். காசு செலவில்லாத இந்த வைத்தியத்தின் அழகு எனக்கு இன்னும் அலுக்கவில்லை.

அடுத்து எடை. இறக்கையின் அகலம் 200 மில்லிமீட்டர் என்றால், பயிற்சி விமானத்திற்கு முன்விளிம்பிலிருந்து 50 முதல் 60 மில்லிமீட்டருக்குள் சமநிலைப் புள்ளி அமைய வேண்டும். அந்த இடத்தில் இரு பக்கமும் விரல்நுனி கொடுத்துத் தூக்கினால் மூக்கு சற்றே தாழ்ந்து நிற்கும். நிற்காவிட்டால் ஈயம் தேடுவதற்கு முன் பேட்டரியை முன்னால் தள்ளிப் பார்ப்பதே நல்ல வழி.

பக்கவாட்டு ஆட்டம் பெரிய விமானங்களையும் விட்டதில்லை. 1958இல் பயணிகள் சேவைக்கு வந்த போயிங் 707க்கும் அந்தக் குறை இருந்தது. பிரிட்டிஷ் சோதனை விமானி டேவிட் டேவிஸ் விடாப்பிடியாக நின்றதால் அதன் செங்குத்து வாலை உயரமாக்கினார்கள். நம் ஆர்சிக்காரர் ஓர் அட்டைத் துண்டை வெட்டி, அசையும் ரட்டரைத் தொடாமல், செங்குத்து வாலின் மேல் டேப்பால் ஒட்டிப் பறக்கவிட்டுப் பார்ப்பதும் அதே சிந்தனைதான். ஆட்டம் அடங்கினால் பிறகு பால்சா மரத்தில் நிரந்தரமாகச் செய்துகொள்ளலாம்.

இந்தக் கலையின் உயிர், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது. மிருதங்கக்காரர் சுருதி சேர்க்கும்போது ஒரு தட்டு தட்டி, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் அடுத்த தட்டைத் தட்டுவார். இங்கும் அதே ஒழுங்கு. கீலையும் பேட்டரியையும் கெய்னையும் ஒரே மூச்சில் மாற்றியவரின் விமானம் ஒருவேளை சரியாகலாம். எதனால் சரியானது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அடுத்த முறை ஆடும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்குவார்.

திடலில் கூட்டம் குட்டிக்கரணத்திற்குக் கைதட்டும். நான் முதலில் தேடுவது, ஆளுயரத்தில் நேர்கோடாகக் கடக்கும் விமானத்தின் அசையாத வாலைத்தான். குட்டிக்கரணம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். அந்த நேர்கோட்டிற்கு, காரணம் தெரியும்வரை மேசையை விட்டு எழாத ஒருவர் வேண்டும்.