காங் கிராமத்தின் வறண்ட கால்வாய்

அயர்லாந்தின் மேயோ மாவட்டத்தில், மாஸ்க், காரிப் என்ற இரண்டு ஏரிகளுக்கு நடுவே இருக்கிறது காங் கிராமம். இயக்குநர் ஜான் ஃபோர்டு 1951 கோடையில் 'தி க்வயட் மேன்' படத்தை இங்கே எடுத்தார். அதிலிருந்து ஊருக்கு அந்தப் படமே முகவரி. படத்தின் நாயகன் ஜான் வெயின் நாயகி மாரீன் ஓ'ஹாராவை ஏந்தி நிற்கும் வெண்கலச் சிலை ஊருக்குள் இருக்கிறது. படத்தில் மதுக்கடையாக வந்த மளிகைக் கடை, பிற்பாடு நிஜ மதுக்கடையாகவே மாறிவிட்டது. ஊரையொட்டிக் கிடக்கும் கால்வாய்க்கோ 'தண்ணீர் நிற்காத இடத்தில் வெட்டிய முட்டாள்தனம்' என்ற கேலிப்பெயர்தான் மிச்சம். இந்த மதிப்பீடு நியாயமா?

படத்தால் ஊருக்குப் பிழைப்பு கிடைக்கிறது. அதைக் குறைத்துப் பேசக் கூடாது. அயர்லாந்திலிருந்து புலம்பெயர்ந்தவரின் மகனான ஃபோர்டின் ஏக்கமும் உண்மையானது. ஆனால் அவர் காட்டியது பச்சைவயல், காதல், கைகலப்பு. இந்தப் பகுதி மக்களை ஊரைவிட்டு விரட்டிய பெரும் பஞ்சத்தின் பசி அதில் இடம்பெறவில்லை.

அந்தப் பசியின் நடுவில், 1848இல் கால்வாய் வேலை தொடங்கியது. 1841க்கும் 1851க்கும் இடையில் மேயோவின் மக்கள்தொகை சுமார் 3.89 லட்சத்திலிருந்து 2.74 லட்சமாகச் சரிந்தது. மாஸ்க் ஏரியின் வெள்ளத்தை வடிப்பதும், படகுப் போக்குவரத்துக்கு வழிசெய்வதும் திட்டத்தின் நோக்கங்கள். 1854இல் படகுப் பாதைப் பணி கைவிடப்பட்டது.

தோல்விக்கு, நீரைக் கசியவிடும் சுண்ணாம்புப் பாறையே காரணம் என்பார்கள். அது பாதிதான் உண்மை. மாஸ்க்கின் நீர் நிலத்துக்கு அடியிலேயே ஓடி வந்து காங்கில் மேலெழுகிறது; 'புறாப் பொந்து' என்ற குகையின் படிகளில் இறங்கினால் அந்த ஓட்டத்தைப் பார்க்கலாம். ஆனால் 1851இலேயே கால்வே நகருக்கு ரயில் வந்துவிட்டது. படகுக்கு இருந்த தேவை குறைந்தது. செலவிடவும் அரசுக்கு மனமில்லை. வடிகாலாகக் கால்வாய் பயன்படாமலும் போகவில்லை. ஆக, படகுப் பாதையாக அது தோற்றது. முட்டாள்தனம் என்பது பொருந்தாது. கண்டிக்க வேண்டியது வேறொன்று: பட்டினி கிடந்தவர்களிடம் சோற்றுக்கு ஈடாகக் கடும் உழைப்பைக் கேட்ட அன்றைய அரசின் கொள்கை.

கோடையில் கால்வாய்க்குள் இறங்கினால் காலடியில் புல். மதகுச் சுவரில் செதுக்கிய சுண்ணாம்புக் கற்கள் இன்றும் இறுகப் பொருந்தி நிற்கின்றன. அரைவயிற்றுக்காரர்களின் கைவேலை அது.

காங்கின் பெருமைகளில் 1123இல் உருவான 'காங் சிலுவை' டப்ளின் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டது. ஊரிலுள்ள மடாலயம் சொல்வது, அங்கே இறுதிநாட்களைக் கழித்து 1198இல் இறந்த மாமன்னர் ரோரி ஓ'கானரின் கதையை. திரைப்படம் ஹாலிவுட்டுக்குச் சொந்தம். சாமானியர்கள் தங்கள் உடலை வருத்திச் செய்து, ஊரிலேயே விட்டுச்சென்ற பெரும்படைப்பு கால்வாய்தான். சிலை இருக்கட்டும், காங்கின் வரலாறு கால்வாயிலிருந்து தொடங்கிச் சொல்லப்பட வேண்டும்.