பெலிசேர் த கேஜுன்: சிரிப்பும் அதன் எதிர்ப்பாளர்களும்

பெலிசேர் த கேஜுன் (1986) க்ளென் பிட்ரே எழுதி இயக்கிய அமெரிக்கத் திரைப்படம். லூசியானா மாநிலத்தின் கேஜுன் மக்களைப் பற்றிய நகைச்சுவை கலந்த நாடகம். 1986-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் 'அன் செர்ட்டன் ரிகார்ட்' பிரிவில் திரையிடப்பட்டது. பெரிய ஸ்டூடியோக்களின் துணையின்றி வந்த இப்படம் இன்று அதிகம் பேசப்படுவதில்லை. பார்த்தவர்களும் இதைப் பற்றி இரண்டு அணிகளாகவே பிரிந்து நிற்கிறார்கள். அந்தப் பிரிவினை எதைப் பற்றியது என்று பார்ப்பது, படத்தைச் சரியாக மதிப்பிட உதவும்.

பின்னணி

கேஜுன் என்பது அகாடியன் என்ற பெயரின் மருவிய வடிவம். இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியா பகுதியில் வாழ்ந்த பிரெஞ்சு மொழி பேசும் அகாடியர்களை பிரிட்டிஷ் ஆட்சி 1755 முதல் நாடு கடத்தியது. அவர்களில் ஒரு பகுதியினர் 1760-களில் லூசியானாவுக்கு வந்து சதுப்பு நிலங்களிலும் புல்வெளிகளிலும் குடியேறினர்.

1921-ஆம் ஆண்டு லூசியானாவின் அரசியலமைப்புச் சட்டம் பள்ளிக் கல்வியை ஆங்கிலத்துக்கு மாற்றியது. பள்ளியில் பிரெஞ்சு பேசிய குழந்தைகள் தண்டிக்கப்பட்டனர். இரண்டு தலைமுறைகளுக்குள் மொழி வீடுகளிலிருந்தும் மறையத் தொடங்கியது. 1968-இல்தான் பிரெஞ்சு மொழியைப் பேணுவதற்கென மாநில அரசு ஓர் அமைப்பை உருவாக்கியது.

க்ளென் பிட்ரே தெற்கு லூசியானாவின் கட் ஆஃப் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். ஹார்வர்டில் படித்தவர். இப்படத்துக்கு முன்பு கேஜுன் பிரெஞ்சு மொழியிலேயே சிறிய படங்களை எடுத்து, தன் பகுதி மக்களுக்குத் திரையிட்டவர்.

கதை

கதை 1859-இல் நடக்கிறது. பெலிசேர் ப்ரோ (அர்மாண்ட் அஸாண்டே) ஒரு 'த்ரேத்தர்', அதாவது பச்சிலையாலும் பிரார்த்தனையாலும் நோய் தீர்ப்பவன். ஊரின் கண்காணிப்புக் கும்பல் ஒன்று, தங்களுக்குப் பிடிக்காத கேஜுன்களை ஊரைவிட்டு வெளியேறச் சொல்கிறது. பெலிசேரின் உறவினன் ஹிப்போலிட் (மைக்கேல் ஷோஃப்லிங்) அவர்களில் ஒருவன். பெலிசேர் நேசிக்கும் அலிடா (கெயில் யங்ஸ்), பணக்கார நிலக்கிழாரின் மகன் மாத்யூ பெரியுடன் (வில் பாட்டன்) வாழ்கிறாள். மாத்யூ கொல்லப்படுகிறான். பழி ஹிப்போலிட் மீது விழுகிறது. உறவினனைக் காப்பாற்ற பெலிசேர் அந்தக் குற்றத்தைத் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறான். தூக்குமேடையில் கதை முடிவுக்கு வருகிறது. ராபர்ட் டுவால் சிறிய வேடத்தில் போதகராக வருகிறார். கேஜுன் இசைக்கலைஞர் மைக்கேல் டூசெ இசையில் பங்களித்திருக்கிறார்.

இருவேறு கருத்துகள்

படத்தை விரும்பாதவர்கள் மூன்று குறைகளைச் சொல்கிறார்கள். முதலாவது தொனி. சாட்டையடியும் கொலையும் உள்ள கதையில் நாயகன் கேலி பேசித் திரிவது துன்பத்தின் எடையைக் குறைக்கிறது. இரண்டாவது நடிகர் தேர்வு. நியூயார்க்கில் பிறந்த அஸாண்டேயின் உச்சரிப்பு கேட்பவர் காதை உறுத்துகிறது. மூன்றாவது மொழி. 1859-இல் பிரெஞ்சு பேசியிருக்கவேண்டிய மனிதர்கள் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுகிறார்கள்.

விரும்புபவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். அதுவரை ஹாலிவுட் கேஜுன்களைச் சதுப்பு நிலத்தில் பதுங்கியிருக்கும் ஆபத்தானவர்களாகவே காட்டிவந்தது. வால்டர் ஹில்லின் சதர்ன் கம்ஃபர்ட் (1981) அதற்கு நல்ல உதாரணம். பிட்ரேயின் படத்தில்தான் அவர்கள் சமைக்கிறார்கள், ஆடுகிறார்கள், காதலிக்கிறார்கள், ஒருவரையொருவர் சீண்டுகிறார்கள். வெளியாள் பார்வையில் இல்லாமல் ஊர்க்காரர் பார்வையில் ஊர் தெரிகிறது.

மதிப்பீடு

தொனி பற்றிய குற்றச்சாட்டு ஏற்கத்தக்கதல்ல. பெலிசேரிடம் துப்பாக்கி இல்லை, நிலம் இல்லை, சட்டம் அவன் பக்கம் இல்லை. அவனிடம் இருப்பது பேச்சு மட்டுமே. ஒரு கேலி அவனுக்கு ஒரு நிமிடத்தைச் சம்பாதித்துத் தருகிறது. அடுத்த கேலி இன்னொரு நிமிடத்தை. தூக்குமேடைக் காட்சியில் இது முழுமையாக வெளிப்படுகிறது. கயிற்றின் முன் நின்றபடி அவன் கூட்டத்தைச் சிரிக்கவும் பயப்படவும் வைத்து நேரத்தை நீட்டிக்கொண்டே போகிறான். சிரிப்பு நின்றால் உயிர் போய்விடும் என்ற நிலையில் அந்தச் சிரிப்பைத் துன்பத்துக்கு எதிரானது என்று சொல்ல முடியாது.

அவன் தொழிலும் இதனோடு சேர்ந்தது. த்ரேத்தர் மரபில் சிகிச்சைக்குக் கட்டணம் கேட்பதில்லை. நோயாளி நன்றி சொல்வதும் வழக்கமில்லை. ஆகவே ஊரில் அவனுக்குக் கடன்படாதவர் அரிது, ஆனால் அந்தக் கடன் எங்கும் எழுதப்பட்டிருக்காது. இப்படிப்பட்டவனைத் தூக்கிலிடுவது ஊருக்கு எளிதல்ல. அந்தத் தயக்கத்தில்தான் படத்தின் நகைச்சுவையும் பதற்றமும் ஒருங்கே பிறக்கின்றன.

மொழி பற்றிய குறை உண்மையானது. பிரெஞ்சில் இருந்திருந்தால் இந்தப் பேச்சுக்கலை இன்னும் கூர்மையாக இருந்திருக்கும். ஆனால் 1986-இல் கேஜுன் இளைஞர்களில் பெரும்பாலோர் ஆங்கிலத்தில் வளர்ந்தவர்கள். பிட்ரே வெளியுலகுக்காக மொழியை மாற்றினார் என்பது பாதி உண்மை. அவருடைய சொந்த ஊர்ப் பார்வையாளர்களின் மொழியும் மாறிக்கொண்டிருந்தது என்பது மறுபாதி. படம் ஆங்கிலத்தில் இருப்பது, பள்ளிகளில் நடந்தவற்றின் விளைவும்கூட.

உண்மையான குறை வேறிடத்தில் உள்ளது. அதை இரு தரப்பும் அதிகம் பேசுவதில்லை. படத்தில் கும்பலை நடத்துபவர்கள் பெரி, வில்லோபி என ஆங்கிலப் பெயர் கொண்டவர்கள். அதாவது எதிரி வெளியாள். வரலாறு அவ்வளவு வசதியாக இல்லை. 1859-இல் தென்மேற்கு லூசியானாவில் கண்காணிப்புக் குழுக்கள் உண்மையில் இயங்கின. அவற்றின் முன்னணியில் அகாடிய வம்சாவளிச் செல்வந்தர்களே இருந்தார்கள். முன்னாள் ஆளுநர் அலெக்சாந்தர் மூட்டன், அவர் மகன் ஆல்ஃப்ரெட் மூட்டன் ஆகியோர் அவர்களில் முக்கியமானவர்கள். துரத்தப்பட்ட ஏழை அகாடியர்களைத் துரத்தியவர்களில் அதே 1755-இன் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த மண்ணின் பெருந்தோட்டங்களைத் தாங்கிநின்ற கறுப்பின அடிமைகளும் கதையின் மையத்துக்கு வரவில்லை.

ஒரு சமூகம் தன் கதையை முதன்முறையாகப் பெரிய திரையில் சொல்லும்போது, தன்னை முழுவதும் பாதிக்கப்பட்டவனாகக் காட்டிக்கொள்ள ஆசைப்படுவது இயல்பு. நீண்டகாலம் இகழப்பட்டவர்களுக்கு அது தேவையாகவும் இருக்கலாம். ஆனால் பெலிசேரின் எதிரே ஒரு பணக்கார அகாடியன் நின்றிருந்தால் அவன் கேலி இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். வெளியாளைக் கேலி செய்வதற்குத் துணிவு போதும். சொந்தக்காரனைக் கேலி செய்ய அதற்கு மேலும் ஏதோ வேண்டும். பிட்ரே அந்த இடம்வரை வந்து நின்றுவிடுகிறார்.

இக்குறையோடும் இது பார்க்கவேண்டிய படம். நாடு கடத்தப்பட்டும் மொழி பறிக்கப்பட்டும் ஒரு மக்கள்கூட்டம் எப்படித் தாக்குப்பிடித்தது என்ற கேள்விக்கு இப்படம் தரும் பதில் எளிமையானது: அவர்கள் பேசிக்கொண்டே இருந்தார்கள். அந்தப் பதில் முழுமையற்றது. ஆனால் பொய்யானதல்ல.