உருவகச் சிறையும் உண்மைக் கைதியும்

மலையக இலக்கியம் குறித்து எழுதப்பட்ட கட்டுரைகளைத் தொடர்ந்து வாசித்து வரும் எவரும் அவற்றில் ஒரு சொல் மீண்டும் மீண்டும் வருவதை அவதானிப்பர். 'சிறை' என்பதே அச்சொல். தோட்டம் ஒரு சிறை, லயம் ஒரு சிறைக்கூடம், கங்காணி சிறைக்காவலன், தேயிலைச் செடியே ஒரு விலங்கு என்றவாறு படைப்பாளிகளும் விமர்சகர்களும் அரை நூற்றாண்டுக்கு மேலாகக் கூறி வந்துள்ளனர். அவ்வுருவகத்தின் நியாயத்தை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. மடுல்சீமைத் தோட்டமொன்றின் லயத்திற் பிறந்து வளர்ந்த எனக்கு அதன் உண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு சமூகம் முழுவதையுமே கைதிகள் என்று அழைத்துப் பழகிய இலக்கியம், அச்சமூகத்துள் உண்மையாகவே கைது செய்யப்பட்டவனை எவ்வாறு கண்டது என்ற வினா எழுப்பப்படுதல் வேண்டும். அவனை அது போதியளவு காணவில்லை என்பதும், அதற்கு அவ்வுருவகமே ஒரு காரணமாயிற்று என்பதும் என் கருத்தாகும்.

முதற்கண் உருவகத்தின் வரலாற்றை நோக்குவோம். அது கற்பனையிற் பிறந்ததன்று. 1865 ஆம் ஆண்டின் தொழிற் சட்டத்தின்படி முன்னறிவித்தலின்றித் தோட்டத்தை விட்டு நீங்குதல் குற்றமாகும். நீங்கியவன் நீதவான் முன் நிறுத்தப்பட்டுச் சிறைக்கும் அனுப்பப்படலாம். 1920களின் தொடக்கத்தில் இத்தண்டனைப் பிரிவுகள் நீக்கப்படும் வரை தோட்டத்துக்கும் மறியற்சாலைக்கும் இடையிலே சட்டம் ஒரு நேர்பாதையை வைத்திருந்தது. ஆகவே தோட்டத்தைச் சிறை என்று முதலிற் கூறியவர்கள் அணியழகுக்காக அவ்வாறு கூறவில்லை. கண்ட நிலைமையையே கூறினர். கோ. நடேசையரும் அவர் துணைவியார் மீனாட்சியம்மையும் எழுத்திலும் மேடைப் பாட்டிலும் வளர்த்தெடுத்த எதிர்ப்புக் குரலின் பகைப்புலம் இதுவே. 1954 இல் சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் வெளியிட்ட நெடுங்கவிதை, தேயிலைச் செடிகளின் கீழ் உழைத்து மடிந்தோர் புதைந்து கிடப்பதைக் காட்டியபோது அக்குரல் இலக்கியப் பெறுமானமும் பெற்றது.

எனினும் ஓர் உருவகம் அளவுக்கு மீறிப் பழக்கப்படும்போது பொருளை விளக்குவதை விட்டு அதனை மறைக்கத் தொடங்குகின்றது. சட்டம் மாறியது; ஒடுக்குமுறையின் வடிவங்கள் மாறின; சிறை என்ற சொல் மாத்திரம் மாறாது நின்றது. வறுமையையும் சிறை என்றோம். கல்வியின்மையையும் சிறை என்றோம். குளிரையும் மழையையும் அட்டைக் கடியையும் சிறை என்றோம். உண்மைச் சிறை வந்தபோது அதனைக் குறிக்கத் தனிச்சொல் எஞ்சியிருக்கவில்லை.

இதன் ஆரம்ப அடையாளத்தை ஊவாவிலேயே காணலாம். 1940 சனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையானார். அவ்வாண்டிலே வேலைநிறுத்த அலை ஊவாவுக்கும் பரவியது. பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெசத் தோட்டத்திலே தொழிலாளர் தமக்கென ஒரு சபையைத் தெரிவுசெய்தனர். நிருவாகம் அச்சபையுடன் பேச வேண்டியதாயிற்று. ஆயுதந்தாங்கி வந்த பொலிசாரைத் தொழிலாளர் நிராயுதபாணிகளாக்கிய நிகழ்ச்சியும் அங்கு இடம்பெற்றது. அதே ஆண்டு யூன் மாதத்தில் லங்கா சமசமாசக் கட்சித் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி ஆகியோர் யுத்தகாலப் பாதுகாப்பு விதிகளின் கீழ் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டனர். 1942 ஏப்பிரலில் அவர்கள் கண்டி போகம்பறைச் சிறையிலிருந்து தப்பிச் சென்ற கதையை இடதுசாரி வரலாறு இன்றும் ஆர்வத்துடன் கூறுகின்றது. அவ்வாறு கூறுவதில் தவறில்லை. ஆயின் தலைவர்களின் சிறைவாசம் வரலாறாகவும், தொழிலாளியின் துன்பம் உருவகமாகவும் பிரிந்துபோன இடம் அதுவே என்பது கவனித்தற்குரியது. தலைவருக்குப் பெயரும் நாளும் சிறைக்கூடமும் உண்டு. தொழிலாளிக்குக் கிடைத்ததோ 'அடிமைச் சிறை' என்ற பொதுச்சொல் ஒன்றே.

சுதந்திரத்தின் பின்னர் இந்நிலை மேலும் சிக்கலடைந்தது. இந்தோனேசியாவிலும் பர்மாவிலும் நிகழ்ந்தது போல இலங்கையில் எந்தப் படைத்தளபதியும் ஆட்சியைக் கைப்பற்றியதில்லை. 1962 இன் சதி முயற்சியும் தோல்வியுற்றது. ஆனால் அவசரகால விதிகளின் கீழ் நாடாளுமன்றம் இயங்கிக்கொண்டிருக்கவே, படைமுகாமும் விசாரணைக்கூடமும் குடிமகனின் வாழ்வைத் தீர்மானிக்கக்கூடிய ஒரு நிலைமை இங்கு உருவாகியது. 1971 இன் கிளர்ச்சியை அடுத்து ஆயிரக்கணக்கான சிங்கள இளைஞர் தடுத்து வைக்கப்பட்டனர். அக்கிளர்ச்சியில் முதலில் தாக்கப்பட்டது ஊவாவின் வெல்லவாயப் பொலிஸ் நிலையமே. 1979 இல் பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்தது. அமைச்சரின் கட்டளைப்படி ஒருவரைப் பதினெட்டு மாதங்கள் வரை தடுத்து வைக்கவும், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன் அளிக்கப்பட்ட ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கவும் அது இடமளித்தது. தற்காலிக ஏற்பாடு என்று பெயர் கொண்ட அச்சட்டம் 1982 இல் நிரந்தரமாக்கப்பட்டது.

அச்சட்டத்தின் கரம் வடக்குக் கிழக்கோடு நிற்கவில்லை. 1991 இல் கொழும்பில் படைத்துறைக் கூட்டு நடவடிக்கைத் தலைமையகம் குண்டுத் தாக்குதலுக்குள்ளானதைத் தொடர்ந்து, மலையக மக்கள் முன்னணியின் தலைவர் பெ. சந்திரசேகரன் தடுப்புக் காவலில் வைக்கப்பட்டார். 1994 இல் அவர் நாடாளுமன்றம் சென்றபோது அவரது ஓர் ஆசனம் புதிய அரசாங்கத்தின் பெரும்பான்மைக்கே வேண்டியதாயிற்று. தலைவரின் கதை இவ்வாறு முடிந்தது. கொழும்பிற் கடைச்சிப்பந்திகளாகவும் வீட்டு வேலையாட்களாகவும் இருந்து, பெயரும் மொழியும் காரணமாகப் பிடிக்கப்பட்ட தோட்டத்து இளைஞரின் கதை அவ்வாறு முடியவில்லை.

இங்கு ஒரு சொந்த அனுபவத்தைக் குறிப்பிடுவதை வாசகர் பொறுத்தருள வேண்டும். எங்கள் லயத்தில் ஒருவர் இருந்தார். 1990களில் கொழும்பிற் பிடிக்கப்பட்டு, வழக்கெதுவுமின்றி இரண்டாண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்தவர். மாமா என்றே அவரை அழைப்போம். 'உள்ளுக்கு இருந்தவரு' என்பார்களேயன்றி எதன் உள்ளே என்று எவரும் சொல்வதில்லை. அவரைத் தேடி அவருடைய தாயார் தோட்டான் முதல் தாலிக்கொடி வரை அடகு வைத்துப் பசறைக்கும் பதுளைக்கும் கொழும்புக்கும் அலைந்ததைப் பின்னரே அறிந்தேன். உயர்தர வகுப்பிற் படிக்கும்போது மலையக இலக்கியம் பற்றிய கட்டுரையொன்றை எழுதிக்கொண்டிருந்த நான், கற்றதைப் பரிசோதிக்கும் ஆர்வத்தில், "லயமும் ஒரு ஜெயிலுதானே மாமா?" என்று கேட்டுவிட்டேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்துவிட்டு, "லயத்துல தாப்பா நம்ம பக்கம் இருக்கு தம்பி. அங்க தாப்பா அவங்க பக்கம்" என்றார்.

பல நூல்களிற் கற்றறியாத வேறுபாட்டை அச்சொற்கள் எனக்கு விளக்கின. லயத்தில் வாழ்பவனுக்கு அடுத்த நாள் எவ்வாறிருக்கும் என்பது தெரியும்; அந்த அறிவே அவன் துயரம். தடுத்து வைக்கப்பட்டவனுக்கு அடுத்த நாழிகை எவ்வாறிருக்கும் என்பது தெரியாது. லயத்தில் வாழ்பவனின் துன்பத்தை அயலார் பகிர்ந்துகொள்வர். சந்தேகநபரின் வீட்டு வாசலையோ அயலார் மிதிக்க அஞ்சுவர். முன்னையவன் சங்கத்திற் சந்தா கட்டி வேலைநிறுத்தஞ் செய்யலாம். பின்னையவன் தன் மேலுள்ள குற்றச்சாட்டு யாதென்றே அறியான். இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லால் அழைக்கும் விமர்சனம், கூர்மையான கருவியொன்றைத் தானே மழுங்கடித்துக் கொள்கின்றது.

இவ்வகையில் நமது பதுளை மண்ணிலிருந்து எழுந்த தெளிவத்தை ஜோசப் அவர்களின் 'குடை நிழல்' (2010) தனித்து நோக்கற்பாலது. கொழும்பில் வாழும் மலையகத் தமிழன் ஒருவன் சந்தேகத்தின் பேரிற் பிடிக்கப்படுவதை அந்நாவல் பொருளாகக் கொண்டது. அவன் போராளியல்லன், இலட்சியவாதியுமல்லன், குடும்பத்தைக் காப்பாற்ற முயலும் சாதாரண மனிதன். வீரவணக்கமும் வசைமொழியும் இன்றி அத்தகையவனை நாவலின் நடுவே நிறுத்தியது ஜோசப்பின் சாதனை எனலாம். சிறை அங்கு உருவகமாக அன்றி நிகழ்ச்சியாகவே வருகின்றது. எனினும் அதன் களம் தலைநகர். மலையிலே மகனுக்காகக் காத்திருக்கும் தாயின் பக்கத்திலிருந்து, பெரட்டுக்குச் சென்றுகொண்டே கடிதத்தை எதிர்பார்க்கும் ஒரு லயத்தின் பக்கத்திலிருந்து, இக்கதை எழுதப்படுதல் வேண்டும். அவர் திறந்துவிட்ட பாதையிற் பின்வந்தோர் போதியளவு செல்லவில்லை. 2022 இல் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட அஞ்சலிகளுக்கும் இக்குறை பொருந்தும்.

நம் மாகாணத்தின் மிகப்பெரும் மௌனமோ பிந்துனுவெவ ஆகும். பண்டாரவளைக்கு அருகிலிருந்த அப்புனர்வாழ்வு முகாமிலே 2000 ஆம் ஆண்டு ஒக்டோபரில் தமிழ் இளைஞர் 41 பேர் இருந்தனர். சிறுவரும் அவர்களுள் அடங்குவர். விடுதலை தாமதமாவதையிட்டு 24 ஆம் திகதி அவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். மறுநாட் காலை முகாமைச் சூழ்ந்த கூட்டம் 27 பேரைக் கொன்றது. ஆயுதந்தாங்கிய பொலிசார் பலர் அவ்விடத்தில் இருந்தனர். 2003 இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. 2005 இல் உயர் நீதிமன்றத் தீர்ப்புடன், தண்டனைக்குரியவர் என எவரும் எஞ்சவில்லை. அன்று மலையக நகரங்களில் மக்கள் வீதிக்கிறங்கிக் கண்டனந் தெரிவித்தனர். ஆயினும் நமது ஆக்க இலக்கியத்தில் அந்நிகழ்ச்சி பெற்ற இடம் அதன் கனதிக்கு ஏற்றதன்று. கொல்லப்பட்டோர் பெரும்பாலும் வடக்குக் கிழக்கைச் சேர்ந்தவர்கள், அது 'அவர்கள் பிரச்சினை' என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். மற்றொரு காரணம் மொழி பற்றியது. சிறையை உருவகமாக்கிப் பழகிய நாம், 'புனர்வாழ்வு' என்ற அரசின் உருவகத்தை உடைத்துப் பார்க்கும் பயிற்சியைப் பெறவில்லை. நாம் வீட்டைச் சிறை என்றோம். அரசு சிறையை வாழ்வு என்றது.

தோட்டத் தொழிலாளியின் சம்பளமும் காணியும் வீடும் தீராப் பிரச்சினைகளாயிருக்க, சிலரது சிறைவாசம் இலக்கியத்தின் தலையாய பொருளாக வேண்டுமா என்று நண்பர் சிலர் கேட்கின்றனர். இது நேர்மையான கேள்வியே. ஆனால் உரிமைக்காக எழுந்து நிற்பவனுக்கு யாது நேரும் என்ற அச்சமே சம்பளப் போராட்டத்தையும் அடக்கி வைக்கும் முதற்கருவி. ஒரு மகன் பிடிக்கப்பட்ட லயத்திலே அடுத்த பத்தாண்டுகளுக்குக் கூட்டத்திற் கைதூக்குபவர் தொகை குறைகின்றது. ஆகவே கைதியைப் பற்றி எழுதுதல் தொழிலாளியைப் பற்றி எழுதுதலேயாகும்.

எழுதுவது எவ்வாறு என்பதற்குப் பிறநாட்டு உதாரணம் ஒன்றைக் காட்டலாம். இந்தோனேசிய இராணுவ ஆட்சி, எழுத்தாளர் பிரமுதியா அனந்த தூரை 1965 முதல் 1979 வரை வழக்கின்றித் தடுத்து வைத்தது. புரு தீவில் எழுதுதாள் மறுக்கப்பட்ட காலத்தில் அவர் தமது நாவலைச் சக கைதிகளுக்கு வாய்மொழியாகக் கூறி வளர்த்தார். நம் நாட்டிலும் சிறையிலிருந்தவாறே நாவல்கள் எழுதிய சிவ. ஆரூரனுக்கு அரச சாகித்திய விருது வழங்கப்பட்டது. அரசியற் கைதிகள் என எவருமில்லை என்று அரசாங்கங்கள் பலமுறை கூறிவந்த நாட்டிலே, கைதியின் நூலுக்கு அரசே பரிசளித்தமை ஆழ்ந்து சிந்தித்தற்குரியது. நூலை ஏற்றுக்கொண்டு மனிதனை மறுக்கும் இம்முரண்பாட்டை ஆராய்தல் விமர்சனத்தின் கடமையன்றோ?

2022 இன் மக்கள் எழுச்சி இவ்விடயத்தைப் பல்கலைக்கழக வாசலுக்கே கொண்டு வந்தது. ஒரு சனாதிபதியை நாட்டை விட்டு வெளியேறச் செய்த அவ்வெழுச்சியின் பின்னர், அனைத்துப் பல்கலைக்கழக மாணவர் ஒன்றியத்தின் அழைப்பாளர் வசந்த முதலிகே அவ்வாண்டு ஓகத்தில் அதே பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்த் தடுத்து வைக்கப்பட்டார். 2023 இன் தொடக்கத்தில் நீதிமன்றம் அக்குற்றச்சாட்டுக்களிலிருந்து அவரை விடுவித்தது. தமிழ் இளைஞருக்கு நான்கு தசாப்தங்களாகத் தெரிந்திருந்த சட்டத்தைச் சிங்கள மாணவ நண்பர் பலர் அப்போதே தம் அனுபவமாக அறிந்தனர். 1971 இல் அவர்களது தந்தையர் தலைமுறை வெல்லவாயவிலும் மொனராகலையிலும் பெற்ற அனுபவமும் அதனோடு இணைத்து நினைக்கத்தக்கது. இரு மொழிகளிலும் தனித்தனியே கிடக்கும் இந்நினைவுகளை ஒருங்கு வைத்து வாசிக்கக்கூடிய இடத்தில் ஊவா இருக்கின்றது. அத்தகைய வாசிப்பை மேற்கொள்ளக்கூடிய மாணவரும் இருக்கின்றோம்.

எனவே மலையகப் படைப்பாளிகளிடமும் அவர்களை ஆராயும் நம்மிடமும் நான் வேண்டுவது இதுவே. சிறை என்ற சொல்லைச் சிறிது காலத்துக்கேனும் அதன் நேர்ப்பொருளில் வழங்குவோம். லயத்தை லயம் என்போம். அதன் கூரையையும் கூலியையும் அவ்வவற்றின் பெயராலேயே எழுதுவோம். கைது செய்யப்பட்டவனை, அவன் எந்த மாகாணத்தவனாயினும் எந்த மொழியினனாயினும், கைதி என்போம். அவன் எந்த நாளிற் பிடிக்கப்பட்டான், எங்கு வைக்கப்பட்டான், யார் அவனைத் தேடி அலைந்தனர் என்பவற்றை எழுதுவோம். தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கின்றது என்பதை மாமா அறிந்திருந்தார். நமது இலக்கியமும் அதனை அறிந்துகொள்ளுதல் வேண்டும்.