பார்பினின் இன்பம் யாருடையது?

1978ல் மிஷெல் பூக்கோ பதிப்பித்த ஹெர்க்குலின் பார்பினின் நினைவுக் குறிப்புகளைப் பலரும் பால் அடையாளம் பற்றிய நூலாகவே வாசிக்கிறார்கள். 1980ல் வந்த ஆங்கிலப் பதிப்பின் முன்னுரையில், அடையாளமற்றிருப்பதன் மகிழ்ச்சியைப் பூக்கோ அவளது இளமையில் காண்கிறார். அது கற்பனாவாதம் என்று 1990ல் ஜூடித் பட்லர் விமர்சித்தார். இந்த விவாதத்தில் அவளது இன்பம் பின்னுக்குப் போய்விடுகிறது என்பதே என் குறை.

1838ல் பிறந்து, பெண்ணாக வளர்ந்து, பெண்பிள்ளைகளுக்கு ஆசிரியையானவள். அங்கே சாராவைக் காதலித்தாள். வலிக்காகப் பார்க்க வந்த வைத்தியர், தான் கண்டதை அவளுக்கு விளக்கவில்லை. பின்னர் பிஷப்பிடம் மனந்திறந்தாள். இன்னொரு வைத்தியரின் பரிசோதனைக்குப் பிறகு, 1860ல் நீதிமன்றம் அவளை ஆண் என்று பதிந்தது. சாராவை இழந்தாள். 1868ல் பாரிசில் ஒரு சிறு அறையில் தற்கொலை செய்துகொண்டாள்.

அந்த வைத்திய அறிக்கையும் நூலில் இருக்கிறது. பெண்கள்மீது அவள் கொண்ட விருப்பமும், இரவில் அவள் உணர்ந்த இன்பமும் அதில் வருகின்றன. ஆண் என்பதற்கான தடயங்களாக மட்டும். அந்த இன்பம் அவளுக்கு என்னவாக இருந்தது என்று அறிக்கை கேட்கவில்லை.

இது பழங்கதையல்ல. இருபதாம் நூற்றாண்டில் இத்தகைய உடலோடு பிறந்த குழந்தைகளைப் பார்வைக்குப் பெண்ணாக்க, யோனிலிங்கத்தில் சத்திரசிகிச்சை செய்தார்கள். பெண்களாக வாழும் இத்தகைய 39 பேரிடம் நடந்த லண்டன் ஆய்வு 2003ல் வெளிவந்தது. பாலுறவு அனுபவமுள்ள 28 பேருக்கும் ஏதோ சிரமம் இருந்தது. ஆனால் அந்த உறுப்பில் சத்திரசிகிச்சை நடந்த 18 பேரில் 39 வீதத்தினரால் உச்சத்தை அடைய முடியவில்லை. நடக்காத 10 பேரில் அப்படி ஒருவரும் இல்லை. கத்தி மட்டுமே காரணமல்ல என்பதையும், கத்தி எதைப் பறிக்கிறது என்பதையும் இந்தச் சிறு ஆய்வு ஒருசேரக் காட்டுகிறது. பார்பினை எந்தக் கத்தியும் தொடவில்லை. அவளிடமிருந்து இன்பத்தைப் பறிக்க மௌனமும் ஒரு தீர்ப்புமே போதுமாயிருந்தன.

பிரெஞ்சில் அவள் தன்னைப் பெண்பாலிலும் ஆண்பாலிலும் மாறிமாறி எழுதுகிறாள். தமிழின் 'நான்' பால் காட்டாது. மொழிபெயர்த்தால் அந்தத் தத்தளிப்பு மறைந்துவிடும். 'அவர்' என்று எழுதித் தப்பிக்கலாம். சாராவை நேசித்த நாட்களில் உலகம் அவளைப் பெண்ணென்றே அறிந்திருந்தது. ஆகவே 'அவள்' என்றே எழுதினேன். வேறு சொல்லைத் தேர்பவர்கள், அந்தச் சொல்லில் அவளது காதலுக்கு இடமிருக்கிறதா என்று முதலில் பார்க்கட்டும்.