கழிக்குக் கீழே ஒரு தட்டு

நாமக்கல்லைச் சுற்றி எந்தச் சாலையில் போனாலும் தூண்கள் மேல் நிற்கும் நீளமான முட்டைக்கோழி ஷெட்டுகள் கண்ணில் படும். ஆள் உயரத்துக்கு மேலே கூண்டுகள், கீழே தரையில் வரிசை வரிசையாகக் குவிந்து கிடக்கும் எரு. கோழியை அதன் எச்சத்திலிருந்து பிரித்து வைப்பதில்தான் அந்த ஷெட்டின் பிழைப்பே அடங்கியிருக்கிறது. அதே பண்ணைக்காரர் வீட்டுக் கட்டுத்தரையில் சொந்தச் சாப்பாட்டுக்கென்று திரியும் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழிகளுக்கு இந்த யோசனை எட்டுவதில்லை. இருட்டினால் முருங்கையிலோ புளியமரத்திலோ ஏறும். ஏறாதவை கவிழ்த்துவைத்த கூடையான கொடாப்புக்குள் அடையும்.

இப்போது சேலம், நாமக்கல் பக்கத்துத் தோட்டங்களில் கொல்லைப்புறக் கோழிக்குத் தனிக் கூடு கட்டும் பழக்கம் பெருகிவருகிறது. கம்பி வலை, தகரக் கூரை, உள்ளே உட்காரக் கழிகள், கழிகளுக்குக் கீழே எச்சம் விழுந்து சேர ஒரு தட்டு. காலையில் தட்டைச் சுரண்டினால் கூடு சுத்தம், எருவும் கைக்கு வந்துவிடும் என்பது கணக்கு. பனி கொட்டும் நாடுகளில் பிறந்த ஏற்பாடு இது. வெயிலும் செம்மண்ணும் உள்ள நம் சமவெளிக்கு இதில் எது ஒத்துவரும், எது வராது என்று பிரித்துப் பார்க்காமலே அளவு மாறாமல் ஆசாரியிடம் கொடுத்துவிடுகிறோம்.

முதலில் கழி. இதில் எனக்கு மறுப்பே இல்லை. வீட்டுக்கோழியின் மூதாதையான செங்காட்டுக்கோழி மரத்தில் அடையும் பறவை. உயரத்தில் கால் பற்றி உட்கார்ந்தால்தான் நம் கோழியும் நிம்மதியாகத் தூங்கும். உட்காரும்போது கால் மடிய, தசைநார் இழுபட்டு விரல்கள் தாமாகவே கழியை இறுக்கிக்கொள்ளும். தூக்கத்தில் கோழி விழாததற்குக் காரணம் அதுதான். தரையில் அடைய விட்டால் தன் எச்சத்தின் மேலேயே நெஞ்சை வைத்துப் படுக்கிறது. இறகு நனைகிறது, கால் புண்ணாகிறது.

ஆனால் கழியின் வடிவத்தில் ஒரு கண்மூடித்தனம் நடக்கிறது. அகலமான பலகையைத் தட்டையாக வைத்து அதன்மேல் கோழியை உட்காரவைக்கச் சொல்வது குளிர்நாட்டு அறிவுரை. விரல்கள் உறைந்து போகாமல் வயிற்று இறகு அவற்றை மூட வேண்டும் என்பது அங்குள்ள நியாயம். மார்கழிக் குளிரில்கூட நாமக்கல் கோழியின் விரல் உறையப் போவதில்லை. இங்கே தட்டைப் பலகையின் மேல் எச்சம் தங்கி, கோழி அதையே மிதித்துக்கொண்டு நிற்பதுதான் மிச்சம். இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான விட்டத்தில் சவுக்குக் கழியோ வேப்பங்கழியோ போதும். கூரிய விளிம்பும் சிம்பும் இருக்கக் கூடாது. மூங்கில் மலிவுதான். ஆனால் அதன் வெட்டுவாய்த் துளையும் கணுவிடுக்கும் கோழி உண்ணிக்கு வீடு. இரவில் வந்து இரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் இடுக்குக்குள் போய்விடும் இந்த உண்ணியைப் பகலில் தேடுபவர் கண்ணுக்கு அது தட்டுப்படாது. ஓராண்டுக்கு மேலும் பட்டினி கிடந்து உயிரோடிருக்கும். கூட்டைச் சில மாதம் காலியாகப் போட்டால் செத்துவிடும் என்று நம்புகிறவர்கள் ஏமாந்துபோவது அதனால்தான். மூங்கிலேதான் வேண்டுமென்றால் இருமுனையும் மண்ணோ சிமெண்டோ வைத்து அடைத்துவிட வேண்டும். சுவர் வெடிப்புகளைச் சுண்ணாம்பு பூசி மூடும் பழைய வழக்கத்துக்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

இடைவெளிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999-ஆம் ஆண்டு முட்டைக்கோழி நல விதிகள் ஓர் அளவு தருகின்றன: கோழிக்கு 15 சென்டிமீட்டர் கழி, கழிக்கும் கழிக்கும் நடுவே 30, சுவரிலிருந்து 20. நம்மூர்ச் சிறுவிடைக்கு இது சரியாகவே பொருந்தும். பெருவிடைக்கு இன்னும் தாராளம் வேண்டும். ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கழி வைப்பதைத்தான் நான் எதிர்ப்பேன். எல்லாக் கோழிக்கும் உச்சிப்படிதான் வேண்டும். வலுத்தவை மேலே ஏறிக்கொள்ள, இளைத்தவை கீழே உட்கார்ந்து மேலேயுள்ளவற்றின் எச்சத்தை முதுகில் வாங்கும். மேலேறியவையும் பிழைத்தன என்று சொல்ல முடியாது. பங்குனி, சித்திரையில் நாற்பது டிகிரியைத் தொடும் பகல் முடிந்து கோழி அடையப் போகும்போது தகரம் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கும். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிர்விக்க வேண்டும். எல்லாக் கழியும் ஒரே மட்டத்தில், முட்டையிடும் பெட்டியைவிடச் சற்று உயரத்தில், கூரைக்கும் கோழியின் தலைக்கும் நடுவே நல்ல இடைவெளியோடு இருந்தால் சண்டையும் குறையும், வெக்கையும் குறையும். பெட்டி கழியைவிட உயரமாக இருந்தால் கோழி பெட்டியில் தூங்கி முட்டையை அசிங்கம் பண்ணும்.

இனி தட்டு. இதற்குச் சாதகமாகச் சொல்லப்படுவதில் வலுவானது சுத்தம் அல்ல, காலம். கோழி ஒரு நாளில் போடும் எச்சத்தில் ஏறக்குறையப் பாதி, அது கழியில் உட்கார்ந்திருக்கும் இரவில்தான் விழுகிறது. இரத்தக்கழிச்சல் நோயின் கருமுட்டைகள் எச்சத்தோடு வெளியே வந்தவுடன் தொற்றுவதில்லை. ஈரமும் சூடும் காற்றும் கிடைத்து முதிர அவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் வேண்டும். அன்றன்றைக்கே எச்சத்தை அள்ளிவிட்டால் இரவுப் பங்கு முதிர்வதற்கு முன்பே கூட்டை விட்டுப் போய்விடும். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஒரு வாரம், பத்து நாள். வாரத்துக்கு இரண்டு முறை அள்ளினாலே அந்தச் சங்கிலி அறுந்துவிடும். பெரிய ஷெட்டுகளை ஒட்டிய ஊர்களில் ஈத் தொல்லை பற்றி எழும் புகார்களுக்கும் வேர் இதே இடத்தில்தான் இருக்கிறது. கூண்டுக்குக் கீழே குவிந்த எரு காய்ந்திருக்கும்வரை ஈ குறைவு. தண்ணீர்க் குழாய் ஒழுகி எரு நனைந்தால் ஈ வந்துவிடும். தூரமாகப் பிரித்து வைத்தால் மட்டும் போதாது, எரு உலர வேண்டும் அல்லது போய்விட வேண்டும் என்பதை நாமக்கல் ஷெட்டுகளைப் பார்த்தே கற்கலாம்.

தட்டின் இரண்டாவது பலன், அது காலையில் படிக்கக் கிடைக்கும் ஓர் ஏடு. கோழிகள் பெரும்பாலும் தினமும் அதே இடத்தில்தான் உட்காரும்; எந்த இடத்தில் எச்சம் மாறியிருக்கிறது என்று பார்த்தால் எந்தக் கோழி என்று ஊகிக்கலாம். இரத்தம் கலந்திருந்தால் குஞ்சுகளைக் கவனிக்க வேண்டும். பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணீராகக் கழிந்திருந்தால் வெள்ளைக்கழிச்சல் என்று அஞ்ச வேண்டும். ஆனால் பழக்கமில்லாத கண் தவறாகவும் படிக்கும். சில எச்சங்களுக்கு ஒன்று என்ற கணக்கில் பழுப்பாக, கூழாக, நாற்றத்தோடு விழுவது குடல்பையிலிருந்து வரும் இயல்பான கழிவு. அதை நோய் என்று எண்ணி மருந்துக்கடைக்கு ஓடுகிறவர்கள் உண்டு. வெள்ளைக்கழிச்சலிலோ தட்டு தரும் எச்சரிக்கை பெரும்பாலும் பிந்தித்தான் வருகிறது. எச்சத்தில் பச்சை தெரியும் வேளையில் பக்கத்துக் கோழிக்கும் நோய் தொற்றியிருக்கும். கால்நடைப் பராமரிப்புத் துறை பிப்ரவரியில் ஊர் ஊராக நடத்தும் தடுப்பூசி முகாமின் வேலையைத் தட்டு செய்துவிடாது.

குறைகளுக்கு வருவோம். மண்தரையில் உமியோ தேங்காய் நார்க்கழிவோ பரப்பியிருந்தால் விழுந்த எச்சத்தின் ஈரத்தை அது உறிஞ்சும், கோழி கிளறிவிடும், பாதி வேலை தானாக நடக்கும். தகரத் தட்டு எதையும் உறிஞ்சாது. புதிய எச்சத்தில் முக்கால் பங்கு தண்ணீர். ஐப்பசி மழையில் அது உலரவே உலராது. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிர்கள் சிதைத்து அம்மோனியாவாக மாற்ற ஈரமும் சூடும் போதும். தூங்கும் கோழியின் மூக்குக்கு ஓர் அடி கீழே அந்த ஈரத்தை நாமே ஏந்தி வைத்திருக்கிறோம். கோழிக் கொட்டகைக் காற்றில் 25 பிபிஎம் அம்மோனியாவைத் தாண்டக் கூடாது என்பது பரவலாக ஏற்கப்பட்ட அளவு. அதற்கு மேல் போனால் கண் எரிச்சலும் மூச்சுக்குழல் நோயும் வரும். நான்கு பக்கமும் வலை அடித்த கூட்டில் காற்று ஓடுவதால் இது பெரிய கவலை இல்லை. கீரிக்கும் மரநாய்க்கும் திருடனுக்கும் பயந்து செங்கல் வைத்து மூடிய கூட்டில், நான்கு நாள் அள்ளாத தட்டு வெறும் தரையைவிட மோசம்.

நாற்றத்துக்கு நம் கை உடனே தேடுவது அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும். இரண்டும் ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் இரண்டும் காரத்தன்மை உள்ளவை. காரம் ஏறினால் எச்சத்தில் அடங்கியிருக்கும் அம்மோனியா வாயுவாகக் கிளம்பிவிடும். கூட்டைக் காலி செய்து கழுவிய பிறகு சுண்ணாம்பு அடிப்பது வேறு, ஈர எச்சத்தின் மேல் தினமும் தூவுவது வேறு. தட்டில் பரப்பச் சிறந்தது சலித்த உலர்ந்த செம்மண்ணோ மணலோ தேங்காய் நார்க்கழிவோதான். மூன்றுமே இங்கே சல்லிசாகக் கிடைப்பவை. நார்க்கழிவில் கரிமம் மிகுதி, கோழி எச்சத்தில் தழைச்சத்து மிகுதி. இரண்டும் சேர்ந்தால் குப்பைக்குழியில் நன்றாக மக்கும்.

எரு லாபம் என்ற பேச்சையும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். பன்னிரண்டு நாட்டுக்கோழி, இரவில் ஒவ்வொன்றும் ஐம்பது கிராம் என்று வைத்தால் ஒரு நாளைக்கு அறுநூறு கிராம், ஓராண்டில் இருநூறு கிலோவுக்குச் சற்று மேல் ஈர எரு. புதிய எச்சத்தில் தழைச்சத்து நூற்றுக்கு ஒன்று, ஒன்றரை என்று கொண்டால் கிடைப்பது இரண்டு மூன்று கிலோ. 45 கிலோ யூரியா மூட்டை மானியத்தில் வரியும் வேம்புப் பூச்சுச் செலவும் நீங்கலாக 242 ரூபாய்க்கு விற்கும் நாட்டில், இவ்வளவு தழைச்சத்தின் ரொக்க மதிப்பு முப்பது நாற்பது ரூபாயைத் தாண்டாது. மணிச்சத்து, சுண்ணாம்புச் சத்து, மண்ணுக்குச் சேரும் மக்கு எல்லாம் யூரியாவில் கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். முருங்கைக்கும் வாழைக்கும் அவரைப் பந்தலுக்கும் அது நல்ல எரு, மக்க வைத்துப் போட்டால். பச்சையாக வேரடியில் கொட்டினால் செடி கருகும். ஆனால் எருவை விற்று முதல் எடுக்கலாம் என்று தகரத் தட்டுக்குச் செலவழிப்பது நடக்காத காரியம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி, தினமும் சுரண்டப் போவது யார்? கூடு கட்டும் ஆசை பெரும்பாலும் வீட்டு ஆண்களுக்கு. தட்டு அள்ளும் வேலை பெரும்பாலும் பெண்களுக்கு. கட்டுத்தரை கூட்டி, சாணி அள்ளி, பால் கறந்து நிமிர்கிறவருக்கு இன்னொரு பத்து நிமிஷம் சேருகிறது. வரைபடத்தில் இந்தப் பத்து நிமிஷத்துக்கு இடமே இல்லை. அமெரிக்கப் பண்ணைகளில் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச்சப் பலகை எங்கும் இருந்தது. மந்தை பெருத்ததும் தினமும் சுரண்டக் கூலி கட்டுப்படியாகாமல், வலை மூடிய எச்சக்குழிக்கு மாறினார்கள். பிறகு கூண்டு வந்தது. கூலிச்செலவால் அங்கேயே கைவிட்ட வழக்கம், இன்று பொழுதுபோக்குக்குப் பத்துக் கோழி வளர்ப்பவர்கள் கையில் மறுபடியும் உயிர் பெற்றிருக்கிறது. சிறு எண்ணிக்கைக்கு உரிய முறை இது என்பதை அந்த வரலாறே காட்டுகிறது.

தட்டை உயரத்தில் கட்டுவதற்கும் அங்கே ஒரு காரணம் இருந்தது. பனிக்காலம் முழுக்கக் கோழி உள்ளேயே கிடக்க வேண்டும். தட்டுக்கு அடியிலுள்ள தரையும் அதற்கு நடமாட வேண்டும். நம் கோழிக்குக் கூடு இராத்தங்கல் மட்டுந்தான். விடிந்தால் தோட்டமும் குப்பைமேடும் அதனுடையவை. பிறகு எதற்காகத் தட்டை இரண்டடி தூக்கி, அதற்கு மேலே கழியை மூன்றடிக்கு ஏற்ற வேண்டும்? மூன்று நான்கு கிலோ எடையுள்ள பெருவிடைச் சேவல் தினமும் காலையில் அந்த உயரத்திலிருந்து கெட்டித் தரையில் குதித்தால் பாதம் அடிபட்டு, கிருமி புகுந்து, சீழ் கட்டும். சண்டைச்சேவல் வளர்ப்பவர்களுக்கு இந்தப் பாதக்கட்டி நன்றாகத் தெரியும்; அவர்கள் கழியைத் தாழ்வாக வைப்பதன் பொருள் அதுதான்.

ஆகவே தட்டின் யோசனையை வைத்துக்கொண்டு தச்சுவேலையை விட்டுவிடலாம் என்பது என் முடிவு. கழி ஒன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும். நேர் கீழே தரையில், பிரித்துத் தைத்த உரச்சாக்கை விரித்து இரண்டு விரல் கனத்துக்குச் செம்மண்ணோ நார்க்கழிவோ பரப்புங்கள். காலையில் கோழி வெளியேறியதும் நான்கு மூலையையும் பிடித்துத் தூக்கிக் குப்பைக்குழியில் உதறினால் வேலை முடிந்தது. சுரண்டல் இல்லை, குனிந்து நிற்கும் நேரமும் குறைவு. உலர்ந்த எச்சத் தூசு மூச்சுக்கு ஆகாது. மூக்கை மூடிக்கொண்டு உதறுவதும் பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுவதும் கட்டாயம்.

மரத்தில் அடையும் கோழியை வலுக்கட்டாயமாகக் கூட்டுக்குக் கொண்டுவர வேண்டுமா என்றும் கேட்கலாம். புளியமரத்தில் காற்று உண்டு, நாற்றம் இல்லை. மரநாயும் அடைமழையும் திருட்டும் உண்டு. கொடாப்பைக்கூட நான் குறைசொல்ல மாட்டேன், தினமும் இடம் மாற்றிக் கவிழ்ப்பதாக இருந்தால். ஒரே இடத்தில் வாரக்கணக்கில் கிடக்கும் கொடாப்புதான் நோய்க்கூடு.

இருபது கோழி வரைக்கும், தினமும் அள்ள ஒருவர் மனமுவந்து இருக்கும் வீட்டில், சாக்குத் தட்டு நல்ல முறை. அள்ள ஆளில்லாத வீட்டுக்கு உமி பரப்பிய மண்தரையே மேல். ஐம்பதைத் தாண்டினால் தட்டு கட்டாது. இந்தப் பக்கம் வெள்ளாட்டுக்குப் போடுகிறார்களே, அதுபோல இடைவெளி விட்ட பரண் தரையைப் போட்டு, அடியில் மழைத்தண்ணீர் புகாமல் மேடு கட்டிக்கொள்ளுங்கள். எதைக் கட்டினாலும் ஆசாரியைக் கூப்பிடுவதற்கு முன்னால், காலையில் அதைச் சுத்தம் செய்யப் போகிறவரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.